டீமெர்ஜர்: எழுவாய் இல்லாத ஒரு வினை

1

கோவைக்குப் பக்கத்தில் மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியின் ஃபவுண்டரியில் என் சித்தப்பா இருபத்தாறு வருஷம் மோல்டராக இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர், கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். 'தமிழ்ல எம்.ஏ. படிச்சிருக்கற. இத நம்ம பாசைல சொல்லு கண்ணு' என்றார்.

ஃபவுண்டரிப் பகுதி 'டீமெர்ஜர்' முறையில் வேறொரு கம்பெனிக்குப் போகிறது, தொழிலாளர்களின் பணித்தொடர்ச்சி முறியாது, சம்பளமும் சலுகைகளும் இப்போதைவிடக் குறையாது என்று நோட்டீஸ் சொன்னது. 'கம்பெனி ரெண்டாப் பிரியுதுங்க சித்தப்பா' என்றேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். 'யாரு பிரிக்கறாங்க? நாங்க எந்தப் பக்கம்? எடம் எந்தப் பக்கம்?'

இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் நோட்டீஸில் பதில் இருந்தது. மற்ற இரண்டுக்கும் பதில் இல்லாததை அப்போது நான் கவனிக்கவில்லை. மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். சொல்லப்போனால், அவரிடம் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைக் கட்டவிழ்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. 'கம்பெனி பிரியுது' என்று நான் சொன்னேன். மறுவாரம் தொழிற்சங்கம் அச்சடித்த துண்டறிக்கையிலும் 'கம்பெனி பிரிகிறது' என்றே இருந்தது. நிர்வாகத்தின் மொழியில் நானும் சங்கமும் பேசியிருக்கிறோம், அது தெரியாமலேயே.

2

ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதைவிட அது அதிகாரம் பெற்ற இடத்தில் தேடுவது நல்லது. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 'டீமெர்ஜர்' என்ற சொல் கிடையாது. அதன் 391 முதல் 394 வரையிலான பிரிவுகள் சமரசம், ஏற்பாடு, மறுசீரமைப்பு, இணைப்பு என்ற சொற்களோடு நின்றுகொண்டன. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தன் 232ஆம் பிரிவில் 'பகுத்தல்' என்கிற பொருள்படும் சொல்லைத்தான் விளக்குகிறது. டீமெர்ஜருக்கு விரிவான வரையறை கிடைத்தது வரிச் சட்டத்தில். 1999ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2ஆம் பிரிவுக்குள் அந்த வரையறையை நுழைத்தது. எந்தப் பிரிப்புக்கு வரி கிடையாது என்று சொல்வதற்காக உண்டான வரையறை அது. அதாவது இந்தச் சொல் ஒரு விலக்காக, ஒரு சலுகையாகப் பிறந்தது.

அந்த வரையறையைப் பிரதியாக வைத்து வாசித்தால் அதில் யார் யார் நடமாடுகிறார்கள் என்று தெரியும். ஒரு தொழிலின் சொத்துகள் எல்லாம் புதிய கம்பெனிக்குப் போகவேண்டும். கடன்கள் எல்லாம் போகவேண்டும். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் மதிப்பிலேயே போகவேண்டும். பழைய கம்பெனியின் பங்குதாரர்களுக்குப் புதிய கம்பெனி விகிதாசாரப்படி பங்கு தரவேண்டும். பங்கு மதிப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கிறவர்கள் புதிய கம்பெனியிலும் பங்குதாரர் ஆகவேண்டும். கடைசியாக, மாற்றப்படுவது 'ஓடிக்கொண்டிருக்கிற தொழிலாக' இருக்கவேண்டும்.

சொத்து, கடன், பங்கு, பங்குதாரர், புத்தக மதிப்பு எல்லாம் இருக்கின்றன. தொழிலாளி என்ற சொல் இல்லை. இல்லவே இல்லையா என்றால், ஓர் இடத்தில் ஒளிந்திருக்கிறார். 'ஓடிக்கொண்டிருக்கிற' என்ற பெயரெச்சத்தில்தான் அவர் இருக்கிறார். தொழில் தானாக ஓடாது, அதை யாரோ ஓட்டுகிறார்கள். மணலை இடித்து அச்சு எடுக்கிறவர், உருக்கிய இரும்பைக் கரண்டியில் ஏந்தி ஊற்றுகிறவர், பிசிறு தட்டுகிறவர். வரையறைக்கு இவர்கள் தேவைப்படுகிறார்கள், ஆனால் பெயர்ச்சொல்லாகத் தேவைப்படவில்லை. மனிதர்களுக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றம் கொள்கிறது என்று மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே ஒரு வாக்கியத்தின் இலக்கணத்துக்குள்ளேயே பார்க்க முடிகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊழியர் பெயர்ச்சொல்லாகவே வருகிறார். 232ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பாயம் தன் உத்தரவில் எவற்றுக்கெல்லாம் வழி செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தொழிலை மாற்றுவது, பங்குகளை ஒதுக்குவது, நிலுவையிலுள்ள வழக்குகளைத் தொடர்வது என்று போகும் அந்தப் பட்டியலில் 'ஊழியர்களை மாற்றுவது' என்பதும் ஓர் உருப்படி. இதற்கு முந்தைய 230ஆம் பிரிவில், நோட்டீஸ் யாருக்கெல்லாம் போகவேண்டும் என்று இன்னொரு பட்டியல். மத்திய அரசு, வருமான வரித்துறை, ரிசர்வ் வங்கி, செபி, கம்பெனிப் பதிவாளர், பங்குச் சந்தை என்று நீள்கிறது. தொழிற்சங்கம் அதில் இல்லை. ஆட்சேபம் சொல்ல யாருக்கு உரிமை? பங்குகளில் பத்து சதவிகிதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள், அல்லது மொத்தக் கடனில் ஐந்து சதவிகிதத்துக்குக் குறையாமல் வரவேண்டியிருப்பவர்கள். இருபத்தாறு வருஷ சர்வீஸ் எத்தனை சதவிகிதம் என்று சட்டம் கணக்குப் போடவில்லை. வாக்களிக்கிற பட்டியலில் அவர் இல்லை, மாற்றப்படுகிற பட்டியலில் இருக்கிறார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வரிச் சட்டத்தின் மொழியில் புதிதாகச் சொத்தைப் பெறுகிற கம்பெனிக்கு 'விளைகிற கம்பெனி' என்று பெயர். 'பிரிக்கப்பட்ட கம்பெனி' என்பது பிரித்துக் கொடுக்கிற பழைய கம்பெனியைக் குறிக்கும். தமிழில் 'பிரிக்கப்பட்ட கம்பெனி' என்று படிக்கிற யாரும் வெட்டி எடுக்கப்பட்ட புதிய துண்டைத்தான் நினைப்பார்கள். சட்டத்தின் மொழியிலோ, பிரிக்கிற கம்பெனி பிரிக்கப்பட்டதாக நின்று கொள்கிறது. செய்தவர் பட்டவராகிறார், பட்டவர் வாக்கியத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

3

தமிழில் 'பிரி' என்ற வேர் இந்த விஷயத்தில் நமக்கு உதவி செய்கிறது, துரோகமும் செய்கிறது. 'பிரிந்தது' தன்வினை, 'பிரித்தது' பிறவினை. பள்ளிக்கூடத்தில் படித்த இந்த வேறுபாடுதான் இங்கே அரசியல். 'ஓட்டல் தொழில் தனியாகப் பிரிகிறது', 'வாகனப் பிரிவு தனி நிறுவனமாகிறது' என்று நம் வணிகப் பக்கங்கள் எழுதும்போது, கிளையிலிருந்து கனி உதிர்வதுபோல ஒரு காட்சி கிடைக்கிறது. பருவம் வந்தது, பிரிந்தது. யாரும் முடிவெடுக்கவில்லை, யாரும் கூட்டம் போடவில்லை, வழக்கறிஞருக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. 'பிரிக்கப்பட்டது' என்று எழுதினால் கொஞ்சம் நேர்மை வருகிறது, யாரோ செய்திருக்கிறார்கள் என்றாவது தெரிகிறது. ஆனால் செயப்பாட்டுவினையில் 'இன்னாரால்' என்பதை விட்டுவிடலாம் என்ற வசதி இருக்கிறது. அந்த வசதியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்று ரொலாண்ட் பார்த் சொன்னார். தமிழில் அந்த வேலைக்கு ஒரு ஒற்று போதும். த்-ஐ எடுத்து ந்-ஐப் போட்டால் முடிந்தது.

பெயர்ச்சொல்லுக்கு வந்தால் 'பிரிவு', 'பிரிப்பு', 'பிரிவினை' என்று மூன்று இருக்கின்றன. 'பிரிப்பு' என்பது பிறவினையிலிருந்து வந்தது, செய்கிறவரைத் தூரத்திலாவது நினைவுபடுத்தும். 'பிரிவினை' என்றதும் 1947 நினைவுக்கு வரும், கோடு போட்டவர்கள் யார் என்ற கேள்வி வரும். அதனால்தானோ என்னவோ கம்பெனிச் செய்திகளில் இந்தச் சொல் அகப்படுவதில்லை. 'பிரிவு' இருக்கிறதே, அது தமிழ் படித்தவனுக்குக் கனமான சொல். பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவு. அதிலும் ஒரு வகைக்குப் 'பொருள்வயிற் பிரிவு' என்றே பெயர். பொருள் தேடித் தலைவன் போகிறான். இந்தக் கம்பெனிப் பிரிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் கிடையாது என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. பாலைப் பாட்டில் பெரும்பாலும் பேசுவது யார்? விட்டுச் செல்லப்படுகிறவள் பேசுகிறாள், அவளுக்காகத் தோழி பேசுகிறாள். போகிறவனே பேசினாலும் போவதா வேண்டாமா என்று தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். 'பிரிவுணர்த்தல்' என்று ஒரு துறை உண்டு, போகப்போவதை முன்கூட்டித் தெரிவிப்பது. 'செலவழுங்கல்' என்று இன்னொன்று உண்டு, அவள் வருந்துவது கண்டு பயணத்தை நிறுத்துவது. பிரிவு என்றாலே அதற்கு எதிர்ப்பேச்சு உண்டு என்பது அந்தக் கவிதையியலின் விதி.

பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சங்கப் பாட்டின் தலைவி பேசினாள் என்பதால் சங்ககாலத்துப் பெண்கள் எல்லோரும் பேசினார்கள் என்று ஆகிவிடாது. ஒரு மொழி, பிரிவைச் சொல்லும்போது இரண்டு தரப்பு வேண்டும் என்று வைத்திருந்தது, அதே மொழியில் இன்று ஒரு தரப்பே போதும் என்று ஆகியிருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் சொல்கிறேன். கேட்டில் ஒட்டிய நோட்டீஸும் ஒரு பிரிவுணர்த்தல்தான். அதற்குப் பிறகு தோழி பேசுகிற இடம் அடைக்கப்பட்டிருக்கிறது.

4

இந்தச் செயலைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கிற சொற்களும் உருவகங்கள்தான். 'மெர்ஜ்' என்பது மூழ்குதல், அமிழ்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. சிறிய உரிமை பெரிய உரிமைக்குள் மூழ்கிவிடுவதைச் சட்டத்தில் 'மெர்ஜர்' என்றார்கள். 'டீ' சேர்த்தால் மூழ்கியதை வெளியே எடுப்பது. ஆக, முன்னொரு காலத்தில் தனியாக இருந்தது, நடுவில் சேர்ந்தது, இப்போது பழையபடி ஆகிறது என்று ஒரு கதையாடல் அந்த முன்னொட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் என் சித்தப்பா வேலை பார்த்த ஃபவுண்டரி ஒருநாளும் தனிக் கம்பெனியாக இருந்ததில்லை. கம்பெனி தொடங்கியதே அந்த உலையில்தான். எப்போதும் மூழ்காத ஒன்றை எப்படி வெளியே எடுப்பது?

'ஸ்பின் ஆஃப்' என்பது சுழலும்போது தெறித்து விழுவது. 'கார்வ் அவுட்' என்பது செதுக்கி எடுப்பது, சாப்பாட்டு மேசையில் இறைச்சியைக் கத்தியால் அரிவதற்கும் அதே வினைதான். 'ஹைவ் ஆஃப்' தேனீக்களிடமிருந்து வந்தது, கூட்டம் பெருத்துப் பாதி கிளம்பி வேறு கூடு கட்டப்போவது. தேனீக்கள் கிளம்பும்போது பழைய ராணிதான் கூட்டத்தோடு போகும், கட்டிய கூட்டையும் மீதித் தேனையும் புதிய ராணிக்கு விட்டுவிட்டுப் போகும். எந்தக் கம்பெனியில் முதலாளி கட்டடத்தையும் தேனையும் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்? உருவகத்தை வாங்கிக்கொண்டார்கள், தேனீயின் வழக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விட நம் பக்கங்களின் வாசகர்களுக்குச் சங்கடம் தரக்கூடியது 'அன்பண்டிலிங்'. தமிழில் சொன்னால் கட்டவிழ்த்தல். எனக்கு முந்தைய தலைமுறையின் சிறுபத்திரிகைகள் தெரிதாவைப் படித்துக் 'கட்டவிழ்ப்பு' என்று எழுதிக்கொண்டிருந்த அதே தொண்ணூறுகளில், உலக வங்கியின் ஆதரவோடு ஒடிஷாவின் மின்வாரியம் கட்டவிழ்க்கப்பட்டது. 1995இல் சட்டம், 1996 ஏப்ரல் 1 முதல் வாரியம் இல்லை. பிரதியின் கட்டு அவிழ்ந்தால் அதிகாரம் குலையும் என்று நாம் பேசிக்கொண்டிருந்தோம். அதிகாரமோ தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொண்டு இன்னும் லேசாக நடந்தது. மையம் சிதறுவது எப்போதும் விளிம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் நாம் திரும்பிப் பார்த்தாக வேண்டும். முதலாளிக்கும் மையமின்மை பிடித்திருக்கிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் 'அது வேற கம்பெனிங்க' என்று சொல்லலாம்.

1957 ஜூலையில் உருவான தமிழ்நாடு மின்வாரியம், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தைத் தொடர்ந்து 2010 நவம்பர் 1இல் பிரிக்கப்பட்டது. மேலே ஒரு தாய் நிறுவனம், கீழே உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் ஒன்று, மின்தொடரமைப்புக்கு ஒன்று. 2024இல் உற்பத்தி, பசுமை எரிசக்தி, பகிர்மானம் என்று மறுபடி பிரித்தார்கள். ஆனால் மின்சாரம் போனால் சனங்கள் இன்றைக்கும் 'ஈபி ஆபீஸுக்கு' போன் போடுகிறார்கள். இதை அறியாமை என்று சிரிக்கலாம். நான் இதை ஒரு வாசிப்பு என்று சொல்வேன். சட்டம் மூன்றாகவும் நான்காகவும் எழுதியதை மக்கள் வழக்கு ஒன்றாகவே வாசிக்கிறது. கம்பி ஒன்றுதானே வீட்டுக்கு வருகிறது.

2021 அக்டோபர் 1இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 41 தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாக்கப்பட்டன. ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலை ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்கு, பக்கத்திலேயே சீருடை தைக்கிற தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்கு. திருச்சியின் இரண்டு தொழிற்சாலைகளில் ஒன்று கான்பூருக்கு, மற்றொன்று புனேவுக்கு. ஒரே ஊரில் இருந்த தொழிலாளிகள் ஒரு தேதியில் வேறு வேறு கம்பெனியின் ஆட்கள் ஆனார்கள். இங்கே ஒரு சொல் வந்தது. இவர்கள் எல்லோரும் புதிய கம்பெனிகளுக்கு 'அயல்பணியில் அனுப்பப்பட்டதாகக் கருதப்படுவார்கள்'. யாரும் எங்கேயும் போகவில்லை. அதே மெஷின், அதே நாற்காலி, அதே கேட். போனதாகக் கருதப்படுகிறது. அந்த ஆண்டே பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யத் தனியாக ஒரு சட்டமும் வந்தது. 'கருதப்படும்' என்ற சொல்லுக்கு எவ்வளவு காவல் தேவைப்பட்டது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

5

அப்படியானால் தமிழில் வேறு சொல் இல்லையா? இருக்கிறதே என்று உடனே கை போவது 'பாகப்பிரிவினை'யிடம். பீம்சிங்கின் 1959ஆம் ஆண்டுப் படம் முதற்கொண்டு தமிழ் மனத்தில் ஆழமாக உட்கார்ந்திருக்கிற சொல். கம்பெனி பாகப்பிரிவினை என்று நண்பர்கள் சிலர் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். அதன் சௌகரியம் தெளிவு. பாகப்பிரிவினையில் எழுவாய் உண்டு. அண்ணன் தம்பிகள் பிரிக்கிறார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், பத்திரத்தில் தபசில் எழுதி எந்தச் சர்வே நம்பர் யாருக்கு, கிணற்றில் முறை யாருக்கு எப்போது என்று சொல்கிறார்கள். 'எடம் எந்தப் பக்கம்' என்ற என் சித்தப்பாவின் கேள்வி அந்த மரபிலிருந்து வந்த கேள்விதான்.

இந்தச் சொல் சில கம்பெனிகளுக்கு அப்படியே பொருந்தவும் செய்கிறது. திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் எழுதாமல் இறந்தார். 2005 ஜூனில் தாயார் முன்னின்று அண்ணன் தம்பிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதே ஆண்டின் கடைசியில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அது 'டீமெர்ஜர்' ஆனது. ஒரே செயலுக்கு வீட்டுக்குள் ஒரு பெயர், நீதிமன்றத்தில் ஒரு பெயர். வீட்டுக்குள் எழுதிய உடன்படிக்கையில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகை எரிவாயுவும் இருந்தது, எவ்வளவு, என்ன விலைக்கு என்று. தகராறு உச்சநீதிமன்றம் வரை போனது. 2010 மே 7இல் வந்த தீர்ப்பின் சாரம்: குடும்ப உடன்படிக்கை கம்பெனியைக் கட்டுப்படுத்தாது, எரிவாயு அரசின் உடைமை, விலையில் கடைசிச் சொல் அரசுடையது. பாகப்பிரிவினை என்ற சொல்லும் டீமெர்ஜர் என்ற சொல்லும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் இது. பங்காளிகளுக்கு இடையிலானது என்று ஒரு சொல் சொன்னது, லட்சக்கணக்கான பங்குதாரர்கள் இருக்கிறார்கள் என்று மற்ற சொல் சொன்னது. மண்ணுக்கடியில் இருப்பது இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லை என்று நீதிமன்றம் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

பங்காளி, பங்குதாரர். இரண்டுக்கும் பங்குதான் வேர். பங்காளிக்குத் தீட்டு உண்டு, பகை உண்டு, சாவுக்கு வந்தாக வேண்டிய கடமை உண்டு. பங்குதாரர் காலையில் வாங்கிய பங்கை மத்தியானம் விற்றுவிட்டுப் போகலாம். ஆகவே கம்பெனியைக் குடும்பமாகப் பார்க்கிற சொல் ஒரு விதத்தில் ஏமாற்று. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று நிர்வாகம் ஆண்டு விழாவில் பேசுவதை நாமே வழிமொழிந்ததாகிவிடும்.

ஆனால் என் ஆட்சேபம் அதோடு முடியவில்லை. பாகப்பிரிவினை என்ற சொல் யாரையெல்லாம் விட்டுவிட்டுத் தன்னைக் கட்டிக்கொண்டது? முதலில் பெண்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டமானது, அதுவும் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. மத்தியச் சட்டம் 2005இல் திருந்தியது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் தீர்ப்புதான் தீர்த்தது. அதுவரை பாகம் என்றால் ஆண் பாகம்.

அடுத்தது பண்ணையாட்கள். நிலம் பிரிகிறபோது நிலத்தில் கட்டுண்டிருந்த தலித் உழைப்பாளிகளும் கைமாறியிருக்கிறார்கள். இந்த நாட்டில் அடிமை ஓலைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கம்பெனி ஆட்சிக் காலத்தின் 1843ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று சொல்லும் வரை மனிதர் தபசிலில் வரக்கூடிய உருப்படி. மேலே சொன்னேனே, 232ஆம் பிரிவின் பட்டியலில் 'ஊழியர்களை மாற்றுவது' என்று ஓர் உருப்படி இருக்கிறதென்று. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. மோல்டர் ராஜினாமா செய்யலாம், பண்ணையடிமைக்கு அது இல்லை. ஆனால் வாக்கிய அமைப்பு ஒன்றாக இருக்கிறது. உழைப்பவர் இரண்டாம் வேற்றுமையில் வருகிறார். 'ஐ' உருபு ஏற்று, யாரோ செய்கிற வினைக்குச் செயப்படுபொருளாக நிற்கிறார். டீமெர்ஜருக்கு மாற்றாகப் பாகப்பிரிவினையை வைக்கிற நாம் ஒரு மௌனத்தை எடுத்துவிட்டு இன்னொரு மௌனத்தை வைக்கிறோம், அவ்வளவுதான்.

6

இந்த இரண்டாம் வேற்றுமைக்கு எதிராக நீதிமன்றங்களிலேயே ஒரு பேச்சு இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் நோக்ஸ் என்றொரு சுரங்கத் தொழிலாளி. அவர் வேலை பார்த்த கம்பெனியை நீதிமன்ற உத்தரவின் மூலம் டான்காஸ்டர் கம்பெனியோடு இணைத்துவிட்டார்கள். அவர் ஒருநாள் வேலைக்குப் போகவில்லை, புதிய கம்பெனி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. உன்னிடம் வேலை செய்வதாக நான் எப்போதும் ஒப்புக்கொள்ளவில்லையே என்பது அவர் வாதம். 1940இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. யாரிடம் வேலை செய்வது என்று தேர்ந்துகொள்ளும் உரிமைதான் வேலையாளையும் பண்ணையடிமையையும் வேறுபடுத்துகிறது என்பது அட்கின் பிரபுவின் வாதத்தின் மையம். இந்தியாவில் கல்கத்தா சால்ட் லேக்கிலிருந்த பிலிப்ஸ் தொலைக்காட்சித் தொழிற்சாலையை விற்ற வழக்கில் 2011இல் உச்சநீதிமன்றம், சம்மதம் இல்லாமல் தொழிலாளியை வேறு நிர்வாகத்தின்கீழ் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

எதிர்த்திசையிலும் தீர்ப்புகள் உண்டு. டாம்கோ ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்ததை எதிர்த்து ஊழியர் சங்கம் போட்ட வழக்கு 1994இல் தள்ளுபடியானது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு, தொழில் கைமாறினால் ஆட்குறைப்புக்கு உண்டான ஈடு தரவேண்டும், ஆனால் பணி முறியாமல், நிபந்தனை குறையாமல் புதியவர் எடுத்துக்கொண்டால் தரவேண்டாம் என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. பழைய 'முறியாமல், குறையாமல்' என்ற ஜோடிச் சொற்கள்தான் நோட்டீஸ்களில் மந்திரம்போல வருகின்றன. அவை பொய் இல்லை. மாற்றம் நடக்கிற தேதியில் அவை உண்மை. அடுத்த வருஷம் புதிய கம்பெனியின் கையில் என்ன இருக்கும் என்பதைப் பற்றி அவை பேசுவதில்லை.

சித்தப்பாவின் கம்பெனியில் நடந்தது அதுதான். இடம் ஃபவுண்டரியின் சொத்து இல்லை, கம்பெனியின் பொதுச் சொத்து என்று திட்டத்தில் ஒரு வரி இருந்தது. உலையும் மெஷினும் ஃபவுண்டரிக்காக வாங்கிய கடனும் புதிய கம்பெனிக்கு. இடம் பழையதிடம், புதியது வாடகைக்கு. ஆர்டர் குறைந்தது, வாடகை குறையவில்லை. மூன்று வருஷத்தில் மூடினார்கள். பணிக்கொடை யார் தரவேண்டும் என்றால், தொடர்ச்சி முறியவில்லையே, ஆகவே புதிய கம்பெனிதான் தரவேண்டும். அதனிடம் இருந்தது பழைய மெஷின், அதன்மேல் வங்கிக்குப் பிடிமானம். மோட்டார் பம்பு இப்போதும் அதே பெயரில் விற்கிறது.

7

மொழிக்குறி என்பது வர்க்கங்கள் மோதும் களம் என்று வலோஷினவ் 1929இல் எழுதினார். கலைச்சொல் வேலையை ஏதோ பல்கலைக்கழகத்துக் காரியம் என்று நாம் விட்டுவைத்திருக்கிறோம். 'டீமெர்ஜர்' என்பதற்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் கண்டுபிடிப்பது இங்கே முதல் தேவை இல்லை என்றே நினைக்கிறேன். பெயர்ச்சொல்லாக எதை வைத்தாலும் அதில் செய்தவர் ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். தேவை ஒரு முழு வாக்கியம். யார், யாரை, எதிலிருந்து, எந்தக் கடனோடு, யாருடைய சம்மதத்தோடு என்ற ஐந்தையும் நிரப்பினால் தவிர முடியாத வாக்கியம். சங்கங்கள் துண்டறிக்கை எழுதும்போது 'பிரிகிறது' என்று எழுத வராமல் கை நின்றாலே பாதி வேலை நடந்த மாதிரி. நோட்டீஸோடு திட்டத்தின் முழுப்பிரதியையும் தமிழில் கேட்கலாம். இடம், பிராண்டுப் பெயர், வாடகை, வங்கிக்குப் பிடிமானம் ஆகியவை எந்தப் பக்கம் போகின்றன என்பதை முதல் நாளே கேட்கலாம். இந்தப் பக்கங்களை வாசிக்கிற எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் செய்யக்கூடிய வேலை இதில் நிறைய இருக்கிறது. கவிதையை மட்டும்தான் மொழிபெயர்ப்பேன் என்று இருக்கவேண்டியதில்லை.

ஃபவுண்டரி மூடிய பிறகு ஒருநாள் சித்தப்பாவிடம், அன்றைக்கு நான் சொன்னது தப்புங்க, கம்பெனி பிரியவில்லை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. 'அது அப்பவே தெரியும் கண்ணு. நம்மள அத்து வுட்டுட்டாங்க' என்றார். அறுத்துவிடுவது என்பது எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியைத் தீர்த்துவிடுவதற்குச் சொல்கிற சொல். 'நம்மள' என்பதில் இரண்டாம் வேற்றுமை இருக்கிறது. 'வுட்டுட்டாங்க' என்பதில் செய்தவர்கள் பலர்பாலில் இருக்கிறார்கள். எம்.ஏ.வில் நான் படித்த இலக்கணத்தின்படி அந்த வாக்கியத்தில் குறையொன்றும் இல்லை. பணிக்கொடை வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு மனு எழுத என்னை வரச்சொல்லியிருக்கிறார்.